எனக்கு மட்டும் சரியாகத் தெரிந்த பக்கம்

நான் வேலையிலிருந்து விடைபெற்ற அன்று உங்களில் ஒருவர் கேட்டார்: "இத்தனை வருஷத்துல நீங்க பண்ணின பெரிய தப்பு எதுங்க மேடம்?" கையில் கேக் தட்டை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை அது. சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நிரல் எழுதுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஒரு வாரம் முட்டிமோதிக் கற்றதை நீங்கள் ஒரு மதியத்தில் முடித்துவிடுகிறீர்கள். நான் சொல்ல வருவது ஒரே ஒரு நாளைப் பற்றியும், அந்த நாளுக்குப் பிறகு நான் தள்ளிப்போட்ட சில வாரங்களைப் பற்றியும்தான்.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில், கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கிற டி.டி.பி. வேலையில்தான் தொடங்கினேன். பட்டாசுப் பெட்டி லேபிள், தினசரி காலண்டர், தீப்பெட்டி மேலட்டை. இரண்டாயிரங்களின் நடுவில் ஊரில் ஒவ்வொரு கம்பெனியாக வெப்சைட் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தது. நான் அச்சகத்தை விட்டு வெளியே வந்து, ஒரு பிரவுசிங் சென்டருக்கு மேல் மாடியில் அறை பிடித்து, இரண்டு கம்ப்யூட்டர்களைப் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் வலைப்பதிவு மென்பொருள்கள் பரவலாகிக்கொண்டிருந்தன. பதிவு எழுதத் தெரிந்தால் போதும், தளம் தயார். அதன் தோற்றத்தை மாற்ற ஒரு தீம், கூடுதலாக ஒரு வேலை செய்யவைக்க ஒரு பிளக்இன். இவற்றை வெட்டி ஒட்டித் திருத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

ஜெயராணி என்னிடம் வந்தது தமிழ் எழுத்துப் பிரச்சினைக்காக. அவள் ஒரு தனியார் லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற டெக்னீஷியன். ஊரில் இருந்த ரத்ததானக் குழு ஒன்றுக்கு அவளே சொந்தமாக ஒரு வலைப்பதிவு தொடங்கி நடத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க பிளாக்கைத் தொறந்தா எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுதாம். என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவளுடைய கம்ப்யூட்டரில் ஒரு தமிழ் எழுத்துரு இருந்தது; மற்றவர்களிடம் அது இல்லை. அன்று அதைச் சரிசெய்து கொடுத்தபோது, "உன் ஸ்கிரீன்ல தெரியுறதை நம்பாதே" என்று அவளுக்குப் புத்தி வேறு சொன்னேன்.

பிறகு அந்தத் தளத்துக்குப் புதுத் தீம் செய்துகொடுத்தேன். மேலே ஒரு மத்தாப்பூ, பூப்பூவாகச் சிதறுகிற மாதிரி. லேபிள் வடிவமைத்த கை அல்லவா, நன்றாகவே வந்திருந்தது. ஜெயராணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அழகா இருக்குக்கா. ஆனா நாங்க ரத்தம் குடுக்குறதுல பாதிப்பேரு பட்டாசுல வெந்தவுக. மத்தாப்பூ வேண்டாமேக்கா."

எனக்கு முகம் சுட்டது. எடுத்துவிட்டேன்.

அந்தத் தளத்தில் ஆட்கள் தேடி வந்து பார்த்த ஒரு பகுதி இருந்தது. எங்கள் பக்கத்தில் விபத்து நடந்தால் முதலில் போன் செயலிழந்துவிடும். எல்லாரும் எல்லாரையும் கூப்பிடுவார்கள். யாருக்கும் லைன் கிடைக்காது. அடிபட்டவர்களைச் சிலரை சிவகாசியிலும், சிலரை விருதுநகரிலும் சேர்ப்பார்கள். காயம் அதிகமென்றால் மதுரைக்கு அனுப்புவார்கள். வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு எந்த ஊருக்கு பஸ் ஏறுவது என்றே தெரியாது. ரத்ததானக் குழுவின் ஆட்கள் எப்படியும் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்பார்கள். அவர்கள் பெயர்களைக் கேட்டு ஜெயராணிக்குச் சொல்வார்கள். அவள், யார் எந்த ஆஸ்பத்திரியில் என்று பட்டியல் போடுவாள். குழுவின் போஸ்டரில் தள முகவரி இருந்ததால் திருப்பூர், கோயம்புத்தூர்வரைக்கும் அது தெரிந்திருந்தது.

ஒரு பட்டாசு சீசனில் சின்ன விபத்து ஒன்று நடந்தபோது ஒரே நேரத்தில் ஏகப்பட்ட பேர் திறந்து, தளம் படுத்துவிட்டது. பாதி நாள் யாராலும் பட்டியலைப் பார்க்க முடியவில்லை. "இனி இது நடக்கக் கூடாதுக்கா" என்றாள் ஜெயராணி. நான் இரண்டு காரியம் செய்தேன்.

முதலாவது, பெயர்ப் பட்டியலுக்கென்று முகப்புப் பக்கத்தில் தனியாக ஒரு பெட்டி. பதிவுகளோடு கலக்காமல், உச்சியில் நிற்கும். அதை நானே எழுதி தீமுக்குள் செருகினேன். இரண்டாவது, கேஷ் பிளக்இன். உங்களுக்கு இது தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் தளத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் சர்வர் அந்தப் பக்கத்தைப் புதிதாகக் கோத்துத் தருகிறது. கூட்டம் கூடினால் திணறிவிடும். கேஷ் பிளக்இன் ஒரு தடவை கோத்த பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அந்த நகலையே நீட்டும். அச்சகத்தில் ஒரு தடவை பிளேட் போட்ட பிறகு அதையே ஓட்டிக்கொண்டிருப்பதைப் போல. எத்தனை பேர் வந்தாலும் தாங்கும்.

புதிய பதிவு ஒன்று வெளியானால், பிளக்இன் பழைய நகலை எறிந்துவிட்டுப் புதிது எடுத்துக்கொள்ளும். பதிவு என்றால் என்ன என்று அதற்குத் தெரியும். நான் கையால் செருகிய பெட்டியை அதற்குத் தெரியாது. பெட்டியில் யார் என்ன திருத்தினாலும் பழைய நகல் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், நான் வைத்த காலக்கெடு முடியும்வரை. பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்திருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. லாகின் செய்து உள்ளே இருப்பவர்களுக்குப் பிளக்இன் நகலைக் காட்டாது. அப்போதைக்கு அப்போது கோத்த புதுப் பக்கத்தைத்தான் காட்டும். நான் பெட்டியைச் சோதித்ததெல்லாம் லாகினில் இருந்தபடி. பெயரைப் போட்டேன், வந்தது. மாற்றினேன், மாறியது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம், தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் காலை வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வெடித்தது. எங்கள் மாடியில் ஜன்னல் கண்ணாடிகூட அசையவில்லை. ஆம்புலன்ஸ் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். பதினொரு மணி சுமாருக்கு ஜெயராணி பெட்டியில் ஒன்பது பெயர்களை எழுதிவிட்டு, ரத்தம் தேவை என்று ஒரு பதிவும் போட்டாள். ஒன்பது பேருக்கும் நேராகச் சிவகாசி ஆஸ்பத்திரி என்று இருந்தது. நான் தளத்தைப் பார்த்தேன். கூட்டம் அள்ளியது, தளம் அசையவில்லை. அந்தச் சமயத்தில் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மதியம் பன்னிரண்டரைக்குள் ஐந்து பேரை மதுரைக்கு மாற்றிவிட்டார்கள். ஜெயராணி லேபில் இருந்தபடியே பெட்டியில் அந்த ஐந்து பேருக்கும் மதுரை என்று திருத்தினாள். அவள் திரையில் மதுரை என்று வந்துவிட்டது.

இரண்டு மணி இருக்கும். போன் அடித்தாள்.

"அக்கா, மதுரை ஆஸ்பத்திரி வாசல்ல நம்ம ஆளு நிக்காரு. ஒரு குடும்பம் அருப்புக்கோட்டையிலருந்து சிவகாசிக்குப் போயிட்டு, அங்கன இல்லைன்னு இப்பத்தான் மதுரைக்கு வருதாம். நெட்ல சிவகாசின்னுதான் போட்டிருந்துச்சுங்காக. நான் பன்னெண்டரைக்கே மாத்திட்டேனேக்கா."

நான் என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். மதுரை என்றே இருந்தது.

"எனக்குச் சரியாத்தான் இருக்கு. அவுக நீ மாத்துறதுக்கு முன்னால பாத்திருப்பாக. இல்லாட்டா அவுக கம்ப்யூட்டர்ல பழசு நிக்கும். ரெஃப்ரெஷ் பண்ணச் சொல்லு."

"சரிக்கா" என்று வைத்துவிட்டாள். நான் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். கம்ப்யூட்டர் என்றால் அவளுக்கு என் வார்த்தைதான்.

அந்த இரண்டு மணி போனைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். என்னிடம் எல்லாத் தகவலும் இருந்தது. ஒரு குடும்பம் தவறான ஊருக்குப் போய்வந்திருக்கிறது. ஜெயராணி எப்போது மாற்றினாள் என்று தெரிகிறது. ஒரே ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். ஆனால் சரியாகத் தெரிகிற ஒரு திரையை முன்னால் வைத்துக்கொண்டு யாரும் யோசிப்பதில்லை. "எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்பது பதில் மாதிரி ஒலிக்கும். புகார் சொன்னவரை வாயடைக்க அதைவிட நல்ல வாக்கியம் நம் தொழிலில் கிடையாது.

நாலரைக்கு மறுபடியும் போன். "அக்கா, இன்னொருத்தரும் அதையே சொல்லுதாரு. இவரு கோயமுத்தூரு. இப்பப் பாத்தாராம், இப்பவும் சிவகாசின்னுதான் இருக்காம்."

இப்போது. அந்த வார்த்தை என்னை எழுப்பியது. வெவ்வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே பழைய பட்டியல் தெரிகிறது என்றால் கோளாறு அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருக்க முடியாது. மாடியிலிருந்து இறங்கிக் கீழே பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஒரு கல்லூரிப் பெண் எழுந்த இருக்கையில் உட்கார்ந்து முகவரியை அடித்தேன்.

ஒன்பது பெயர். ஒன்பதுக்கும் நேராகச் சிவகாசி. காலையில் எடுத்த நகல், ஐந்தரை மணி நேரமாக, வருகிறவர்களுக்கெல்லாம் அசராமல் நீட்டப்பட்டுக்கொண்டிருந்தது. என் பிளக்இன் நான் சொன்னதைத்தான் செய்தது.

மாடி ஏறி வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். முன்னால் இரண்டு வழி இருந்தன. பெட்டி திருத்தப்பட்டால் நகலை எறியும்படி நிரலைத் திருத்தலாம். அந்த அவசரத்தில் நான் எழுதினால் இன்னொரு பிழை சேரும். பிளக்இன்னை நிறுத்திவிடலாம், கூட்டத்தில் தளமே படுத்துவிடும். யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போகும். இரண்டையும் விட்டேன். நோட்பேடைத் திறந்து, ஒன்பது பெயர், ஆஸ்பத்திரி, எழுதிய நேரம் இவற்றை மட்டும் வெறும் எழுத்தாக அடித்து, முகப்புப் பக்கத்துக்குப் பதிலாக ஏற்றினேன். தீம் இல்லை, படம் இல்லை, பிளக்இன் இல்லை. அழகான தளத்தின் இடத்தில் வெள்ளைத் தாள் மாதிரி ஒரு பக்கம். கீழே ஓடிப்போய்ப் பார்த்தேன். மதுரை என்று வந்தது. இருபது நிமிடத்துக்குள் முடித்திருப்பேன்.

அந்த இருபது நிமிடத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. நெருக்கடியில் எதைச் சேர்ப்பது என்று பார்க்காமல் எதை எடுத்துவிடுவது என்று பார்த்தது நல்ல முடிவுதான். அதற்கு அடுத்த இரண்டு நிமிடத்தில்தான் இரண்டு தவறு செய்தேன்.

ஒன்று, ஜெயராணிக்குப் போன் போட்டு, "சின்னப் பிரச்சினை இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். யாருடைய பிரச்சினை, எத்தனை நேரமாக என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இரண்டு, மதியத்திலிருந்து பார்த்தவர்கள் பார்த்தது தவறு என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி போடவில்லை. தளத்தைத் திருத்திவிட்டால் எல்லாம் திருந்திவிட்டது என்று நம்பினேன். ஏற்கெனவே படித்துவிட்டுக் கிளம்பியவர்கள் அந்த நேரம் பஸ்ஸில் இருந்தார்கள்.

அப்படிக் கிளம்பியவர் கருப்பசாமி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல்காரர். அவர் மனைவி முத்துலட்சுமி நாரணாபுரத்தில் அம்மா வீட்டில் தங்கி, அந்த யூனிட்டில் வேலை பார்த்தாள். விபத்துச் செய்தி கேட்டு ஊருக்குப் போன் போட்டுப் போட்டு லைன் கிடைக்காமல், மதியம் ஒரு மணிக்குக் கம்பெனி சூப்பர்வைசரிடம் போய் நின்றிருக்கிறார். சூப்பர்வைசர் எங்கள் தளத்தைத் திறந்து காட்டியிருக்கிறார். முத்துலட்சுமி, நாரணாபுரம், சிவகாசி ஆஸ்பத்திரி. அரை மணி நேரத்துக்கு முன்பே ஜெயராணி அதை மதுரை என்று மாற்றியிருந்தாள்.

கருப்பசாமி பஸ் ஏறி மதுரைக்கு வந்தார். திருப்பூர் பஸ் நிற்பது ஒரு நிலையம், சிவகாசி பஸ் கிளம்புவது இன்னொன்று. நடுவில் டவுன் பஸ்ஸில் ஊரைக் கடந்து, மறுபடியும் சிவகாசி பஸ் பிடித்து, எட்டு மணிக்கு இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். வாசலில் ரத்ததானக் குழுவின் பனியனைப் போட்டுக்கொண்டு நின்றது ஜெயராணி. "அவுகளை மத்தியானமே மதுரைக்குக் கொண்டுபோயிட்டாகளே அண்ணே" என்று அவள் சொன்னதும், அவர் அத்தனை பேர் முன்னாலும் அவளை ஏசியிருக்கிறார். வேலையைப் பார்க்கத் தெரியாட்டா எதுக்கு லிஸ்ட் போடுறீக, எங்க உசுரோட விளையாடுறீகளா என்று. அவள் ஒன்றும் பேசாமல் மதுரைக்குப் போகிற ஒரு காரில் அவரை ஏற்றிவிட்டிருக்கிறாள்.

மறுநாள் சாயங்காலம் குழு கூடியது; என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் காகிதக் கடை அண்ணாச்சி. அவர் குடோனில்தான் கூட்டம். அண்ணாச்சி நல்ல மனிதர். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார்.

"ஜெயராணி, நீ எம்புட்டு வேலைக்கு நடுவுல இதைச் செய்யுதேன்னு எனக்குத் தெரியும். ஆனா ஆளை மாத்துனது பன்னெண்டு மணி. சாயங்காலம் வரைக்கும் பழைய லிஸ்ட் கெடந்திருக்கு. முடியாட்டா இன்னொருத்தர்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நான் மாத்திட்டேன் அண்ணாச்சி. பன்னெண்டரைக்கு மாத்துனேன்."

"அப்ப அங்கன எப்படிப் பழசு தெரியும்?" என்று இன்னொருவர் கேட்டார்.

அதற்கான விளக்கம் என்னிடம் இருந்தது; ஜெயராணியிடம் இருக்க முடியாது. அவள் மாற்றியது அவளுக்கே சந்தேகமாகிவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நீங்கதானம்மா கம்ப்யூட்டர் தெரிஞ்சவுக. நீங்க சொல்லுங்க. கம்ப்யூட்டர் அப்படித் தப்புப் பண்ணுமா?"

அந்தக் கேள்வியிலேயே எனக்கு ஒரு கதவு திறந்திருந்தது. சில சமயம் நெட் மெதுவாக இருந்தால் இப்படி ஆகும் அண்ணாச்சி என்று சொன்னால் போதும். யார் மேலும் பழி விழாது. அந்த வாக்கியம் முழுதாக என் வாயில் வந்து நின்றது. அங்கிருந்தவர்களில் அது பொய் என்று கண்டுபிடிக்கக்கூடியவர் யாரும் இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் பெரும்பாலான நேரம், நாம் சொல்வது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நாமாகத்தான் இருப்போம்.

ஜெயராணி என்னைப் பார்த்தாள். நான் அவளைக் காப்பாற்றுவேன் என்ற நம்பிக்கைகூட அந்தப் பார்வையில் இல்லை. விஷயம் தெரிந்தால் தேவலை என்று மட்டும் இருந்தது.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணலை அண்ணாச்சி" என்றேன். "ஜெயராணியும் பண்ணலை. அவ சரியான நேரத்துல மாத்தியிருக்கா. நான் போட்ட ஒரு பிளக்இன் பழைய நகலையே எல்லாருக்கும் காட்டியிருக்கு. எங்க ரெண்டு பேருக்கு மட்டும் புதுசு தெரிஞ்சிருக்கு. மத்தியானம் ரெண்டு மணிக்கே இவ என்கிட்டக் கேட்டா. நான் சரியாப் பாக்காம நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன்."

அண்ணாச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா."

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஜெயராணி தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தாள். கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"நேத்து போன்லயே சொல்லியிருந்தீகன்னா, அந்த அண்ணன் ஏசும்போது என்ன நடந்துச்சுன்னு சொல்லியிருப்பேன்க்கா. ராத்திரி பூரா, மாத்தாமலே மாத்துனதா நெனச்சுக்கிட்டேனோன்னு கெடந்தேன். அங்கன ஒரு மனுசன் இன்னமும் நான்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரமே மதுரைக்குப் போனேன். தீக்காய வார்டின் வராந்தாவரை போனேன். கருப்பசாமி சுவரோரம் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அடையாளம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த நேரத்தில் போய் இதைச் சொல்வதா, மனைவி தேறட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்த நியாயம் அவருக்காக இல்லை, எனக்காக. ஜெயராணியிடம், பார்வையாளர்களை விடவில்லை என்றேன். அதுவும் பொய்தான். இப்படி ஐந்து வாரம் ஓடியது. தளத்தை மட்டும் பழுதறச் செய்தேன். பெட்டியைத் தூக்கிவிட்டேன், பட்டியலையும் சாதாரணப் பதிவாகவே போடும்படி மாற்றினேன், ஒவ்வொரு பட்டியலின் தலையிலும் எழுதிய நேரம் தானாக வரும்படி வைத்தேன். நிரலைத் திருத்துவது எனக்கு எப்போதும் சுலபமாகத்தான் இருந்திருக்கிறது.

முத்துலட்சுமி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும், இனிமேல் சாக்கு இல்லை என்று நாரணாபுரத்துக்குக் கிளம்பினேன். ஒரு காலை நேரம். ஓட்டு வீடு; உள்ளே கட்டிலில் முத்துலட்சுமி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தின் ஒரு பக்கம் தோல் சுருங்கி மினுமினுத்தது. இரண்டு கையும் முழங்கைவரை கட்டு. கருப்பசாமி அவளுக்கு இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, உக்காருங்க. யாரு நீங்க?" என்றார்.

"ரத்ததானக் குழு வெப்சைட்டைச் செஞ்சு குடுத்தது நான்தான் தம்பி."

அவர் கை நின்றது. தட்டைக் கீழே வைத்தார்.

வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. இரண்டு மணிக்கு வந்த போனையும், நான் சொன்ன பதிலையும், சாயங்காலம் கண்டுபிடித்ததையும், மதுரை வராந்தாவரை வந்து திரும்பியதையும் அப்படியே சொன்னேன். பிளக்இன், நகல் என்ற பேச்சையெல்லாம் அவர் கவனிக்கவில்லை. முடித்ததும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது முத்துலட்சுமிதான்.

"ஆப்பரேசனுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னால, கூட ஆரும்மா இருக்கான்னு கேட்டாக. ஆரும் இல்லைன்னேன். வெளிய பஸ்ஸு போற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு பஸ்லயும் இவுக வந்திருவாகன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்."

"அதுல ஒரு பஸ்லதான் நான் இருந்தேன்" என்றார் கருப்பசாமி. தலையை நிமிர்த்தவில்லை. "ஒரு நிலையத்துல இருந்து இன்னொண்ணுக்கு டவுன் பஸ்ல போறப்ப, கோரிப்பாளையத்துல வண்டி நின்னுச்சு. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி லைட்டெல்லாம் தெரிஞ்சுச்சு. நல்லவேளை, நம்மாளை இங்கன கொண்டுவர்ற அளவுக்கு ஆகலை, சிவகாசியிலயே வச்சுப் பாக்காகன்னு நெனச்சுக்கிட்டேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்க முடியாது என்றும் சொல்லவில்லை. அதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை என்று தோன்றியது. வேறு எதையோ கணக்குப்போடுகிறவர் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார்.

"அப்ப அந்தப் புள்ள மேல தப்பு இல்லையா? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுச்சே?"

"இல்லை. அவ பன்னெண்டரைக்கே மாத்திட்டா."

"நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேனேக்கா. அம்புட்டுச் சனத்துக்கு முன்னால. ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை அந்தப் புள்ள. எனக்குக் கார் பிடிச்சுக் குடுத்துச்சு." அவர் எழுந்துவிட்டார். "அதோட நம்பரு இருக்கா உங்ககிட்ட?"

என் போனில் ஜெயராணியின் எண்ணைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். மணி அடித்தது. அவள் எடுத்ததும், இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"தாயி, நான் நாரணாபுரம் முத்துலட்சுமி வீட்டுக்காரன் பேசுதேன். அன்னிக்கு உன்னைய ஏசுனேன்ல. உம்மேல ஒரு தப்பும் இல்லையாம். இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மனசுல வச்சுக்கிடாதே தாயி… இல்ல… இல்ல தாயி, நீ எதுக்கு… நல்லா இருக்கா. வீட்டுக்கு வந்துட்டா. இந்தா, பக்கத்துலதான் இருக்கா."

முத்துலட்சுமியால் போனைப் பிடிக்க முடியாது. அவர் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போனை அவள் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஜெயராணி என்ன கேட்டாளோ, முத்துலட்சுமி சிரித்தாள். "கை விரலை இப்ப லேசா மடக்குதேன். டாக்டர் பந்து வச்சு அமுக்கச் சொல்லியிருக்காக. நீங்க சாப்பிட்டீகளா?" என்றாள்.

அவர்கள் இருவரும் முன்பின் பேசியது கிடையாது. பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. கருப்பசாமி கை மாற்றி மாற்றிப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே இனிமேல் வேலை இல்லை. அவர்கள் முடிக்கட்டும் என்று வெளியே வந்து, வேப்பமரத்து நிழலில் என் போனுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.